எரிச்சல் காலம்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்துல வாங்க. செல்போனை வாங்கி வச்சுக்கிட்டு டோக்கன் குடுத்துட்டாங்களா? அவ்வளவுதான், இனி பாஸ் வர்ற வரைக்கும் நாம ரெண்டு பேரும் இந்த ஃபேனைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். அந்தப் பொட்டலத்தைச் சுவத்துல சாத்தி வைங்க. பெரிசா இருக்கே, கண்ணாடியா? சரி சரி, பத்திரம்.

என்னை இங்க தெரியாதவங்க கிடையாது. டாக்டர் தணிகாசலம். ஊசி போடற டாக்டர் இல்ல, விஞ்ஞானி. இந்த ஆராய்ச்சி நிலையத்துலதான் முப்பது வருஷம். ரிட்டயர் ஆகி ஒண்ணரை வருஷம் ஆச்சு, ஆனாலும் மாசத்துல ரெண்டு மூணு தடவை வந்துருவேன். நான் வரலேன்னா இவங்களுக்கு ஒண்ணும் ஓடாது. அந்தா, கூண்டுக்குள்ள இருந்தாரே செக்யூரிட்டி, மிக்கேல், என்னைப் பாத்ததும் எந்திரிச்சு உள்ள போயிட்டாரு பாத்தீங்களா? மரியாதை. எதிர்ல நின்னு பேசக் கூச்சப்படறாரு.

நீங்க என்ன ஜோலியா வந்திருக்கீங்க? இருங்க இருங்க, அப்புறம் சொல்லுங்க. நான் வந்த விஷயத்தை முதல்ல சொல்லிடறேன், இல்லேன்னா விட்டுப் போயிரும்.

நேத்து சாயங்காலம் ஒரு ஃபோன். பூங்கோதை பேசுது. நான் பாத்த வேலையை இப்ப இங்க பாக்குற பொண்ணு. பொண்ணுன்னா, அதுக்கும் நாப்பது வயசு இருக்கும். "சார், நாளைக்கு ஒரு நடை வந்துட்டுப் போக முடியுமா? உங்க பொருள் ஒண்ணு இங்க இருக்கு" அப்படின்னுச்சு. வேற ஒண்ணும் சொல்லலை. எனக்கு உடனே விளங்கிருச்சு. என் பொருள்னா என்ன? நான் வச்ச கருவிதானே. மக்கர் பண்ணியிருக்கும், இவங்க நோண்டிப் பாத்திருப்பாங்க, பிடிபட்டிருக்காது. வெக்கத்தை விட்டுச் சொல்ல முடியுமா, அதான் பொருள், கிருளுன்னு மூடி மறைச்சுப் பேசுது.

இந்த வாரம் ஒரு மீட்டிங் வேற இருக்கு. என் ஆயிரம் நிக்குதா விழுதான்னு அதுலதான் முடிவாகும். இன்னைக்குத்தான் இருக்கணும், இல்லேன்னா எதுக்கு இன்னைக்குக் கூப்பிடுது? நான் போய் எதிர்ல உக்காந்துட்டா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். அதுக்குத்தான் கஞ்சி போட்ட சட்டையா எடுத்து மாட்டிக்கிட்டு வந்தேன். என் ஆயிரத்தை மட்டும் தொட விட மாட்டேன் தம்பி. அது போச்சுன்னா நான் இங்க முப்பது வருஷம் இருந்ததுக்கு அடையாளமே கிடையாது.

என்ன ஆயிரமா? சொல்றேன், சொல்லத்தானே போறேன்.

உள்ள ஒரு லேசர் இருக்கு. கல்யாண மண்டபம் நாலைச் சேத்தாப்பல ஒரு கட்டிடம், அது முழுக்க அந்த ஒரு லேசர்தான். அவ்வளவு பெரிய லேசர் எதைப் போய் அடிக்குதுங்கறீங்க? மிளகு அளவுக்கு ஒரு உருண்டையை. உருண்டைக்குள்ள ஹைட்ரஜன் இருக்கும். நாலா பக்கமும் ஒரே நேரத்துல அடிச்சா, அது உள்ளுக்குள்ள நசுங்கி, சூரியன் எரியிற மாதிரி எரியும். கண் மூடித் திறக்கிற நேரமான்னு கேக்காதீங்க. கண்ணை மூடுறதெல்லாம் இங்க ரொம்ப நீளமான வேலை.

எரிய வைக்கிறது மத்தவங்க பொறுப்பு. எவ்வளவு நேரம் எரிஞ்சுதுன்னு சொல்றது என் பொறுப்பு. அதுக்குத்தான் சம்பளம், ஜீப், ஏசி ரூம் எல்லாம்.

எப்படி அளக்கிறது? எரியும்போது அதுல இருந்து நியூட்ரான்னு பொடித் துகள் தெறிக்கும். அது வர்ற வழியில ஒரு பிளாஸ்டிக் வில்லை வச்சிருப்போம். நியூட்ரான் பட்டா அந்த வில்லை மினுங்கும். மினுங்கறதை ஒரு காமிரா பிடிச்சுக் குடுக்கும். வெளிச்சம் ஏறும், அப்புறம் இறங்கும். ஏற ஆரம்பிச்சதுல இருந்து அணையற வரைக்கும் எவ்வளவோ அதுதான் எரிஞ்ச நேரம். இதுல என்ன குழப்பம் இருக்கு? சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அளந்தேன். ஆயிரம் பிகோ செகண்ட். ஒரு செகண்டை நூறு கோடிப் பங்கு வச்சா அதுல ஒரு பங்கு. இவ்வளவுதானான்னு நினைக்காதீங்க. மத்த தேசத்துக்காரன் எல்லாம் நூறு, நூத்தம்பதுன்னு தடவிக்கிட்டு இருந்த சமயத்துல நமக்கு ஆயிரம்!

அப்ப இருந்த டைரக்டருக்குத் தலைகால் புரியலை. என் தோள்ல கை போட்டு ஃபோட்டோ எடுத்துக்கிட்டாரு. மறு வருஷம் கூப்பிட்டு, "தணிகாசலம், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்ட முடியுமா?"ன்னாரு. கூட்டினேன். வில்லையை நாலடி தள்ளி வச்சேன், கூடிருச்சு. இதெல்லாம் புத்தகத்துல இருக்காது தம்பி, அனுபவத்துல வர்றது. நியூட்ரான் எல்லாம் ஒண்ணாத்தான் கிளம்பும், ஆனா எல்லாம் ஒரே வேகத்துல வராது. பக்கத்துல இருந்தா மொத்தமா வந்து விழும். தள்ளி இருந்தா, சினிமா விட்ட கூட்டம் மாதிரி, முன்ன பின்ன வந்துக்கிட்டே இருக்கும். தள்ளத் தள்ள நேரம் நீளும். அடுத்த வருஷம் இன்னும் நாலடி தள்ளினேன், ஆயிரத்தை எப்பவோ தாண்டிருச்சு, ஆனா பேரு ஆயிரம்னே நின்னுருச்சு. அதுக்கு அடுத்த வருஷம் சுவரு வந்துருச்சு. சுவரை இடிக்க அனுமதி கேட்டிருந்தேன், அதுக்குள்ள எனக்கு வயசு ஆயிருச்சு.

என்ன, மணி பாக்குறீங்க? பாஸ் வரும் தம்பி. இங்க எல்லாம் மெதுவாத்தான் வரும். உங்களுக்குத் தண்ணி வேணுமா? வேண்டாமா? சரி.

தமிழ்ல கலைச்சொல் உண்டாக்கினவனும் நான்தான், தெரியுமா? ஒரு வருஷம் இங்க தமிழ் வாரம் கொண்டாடினாங்க. அவங்கவங்க பிரிவுக்கு நல்ல தமிழ்ப் பேரு வைக்கணும்னு போட்டி. எரிஞ்ச நேரத்துக்கு ஒரு வார்த்தை வேணும். இந்தப் பூங்கோதை "எரிவு நேரம்"னு எழுதிக் குடுத்துச்சு. நான் ஒரு வாரம் யோசிச்சேன். கரையிறது கரைச்சல், குடையிறது குடைச்சல், அப்ப எரியிறது? எரிச்சல்! இலக்கணப்படி கச்சிதமா உக்காருது. "எரிச்சல் காலம்"னு குடுத்தேன். நடுவரா வந்திருந்த தமிழ்ப் பேராசிரியர் அதை வாசிச்சாரு, கண்ணு கலங்கிருச்சு மனுஷனுக்கு. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கறாரு. தமிழ்ப் பற்றுன்னா அது. முதல் பரிசு எனக்குத்தான், எவர்சில்வர் டிபன் கேரியர். உடனே போர்டும் எழுதி என் ரூம் வாசல்ல மாட்டிட்டோம். "எரிச்சல் கால அளவீட்டுப் பிரிவு. தலைவர்: டாக்டர் தணிகாசலம்." மாட்டினது வேற யாரும் இல்ல, என் கையாலேயே.

அந்த போர்டு வந்த பிறகு என் பிரிவுக்குக் கிடைச்ச பேரு இருக்கே! அதுவரைக்கும் எட்டிப் பாக்காதவன் எல்லாம் தேடி வந்தான். அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. "சார், எனக்குக் குவார்ட்டர்ஸ் குடுக்காம மூணு வருஷமா இழுக்கிறாங்க, எரிச்சல் தாங்கலை, எழுதிக்கிடுங்க"ன்னாரு. மூணு வருஷமாவா! நான் இங்க நூறு கோடியில ஒரு பங்குக்கு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்னு அவருக்குப் பொறுமையா விளக்கினேன். உருண்டையில ஆரம்பிச்சு வில்லை வரைக்கும் சொன்னேன். கேட்டு முடிச்சுட்டு, "இப்ப என் எரிச்சல் இன்னும் கூடிருச்சு சார்"னுட்டுப் போயிட்டாரு. கேன்டீன் சாம்பாரைப் பத்தி ஒருத்தன் வந்தான், பஸ் லேட்டா வருதுன்னு ஒரு அம்மா வந்துச்சு. டில்லியில இருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி, நம்ம ஊர்க்காரரு, போர்டைப் பாத்துட்டு நின்னு நின்னு சிரிச்சாரு. பெருமையில சிரிக்கிறாரு. "இந்த ஒரு பிரிவுதான்யா நிலையத்துல உருப்படியான வேலை பாக்குது, எல்லா ஆபீஸ்லயும் இது வேணும்"னாரு. நீங்களே சொல்லுங்க, வேற யாருக்குக் கிடைச்சிருக்கு அந்த வார்த்தை?

நீங்களும் சிரிக்கிறீங்களே. சந்தோஷமா இருக்குல்ல?

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு, பூங்கோதை வாயைத் திறக்கிற வரைக்கும். அதை வேலைக்கு எடுத்த இன்டர்வியூவுல நானும் உக்காந்திருந்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "எதிர்த்துப் பேசுவியா?" "தேவைப்பட்டாத்தான் சார்"னுச்சு. அடக்கமான பொண்ணுன்னு நினைச்சுட்டேன்.

ஒரு நாள் என் ரூமுக்கு வருது. "சார், நம்ம வில்லை சட்டுனு வெளிச்சம் விட்டுரும், ஆனா அணையறதுக்கு நேரம் எடுத்துக்கும். உருண்டை எரிஞ்சு முடிஞ்சு போயிருக்கும், இது பாட்டுக்கு மினுங்கிக்கிட்டே இருக்கும். ஏறுறதுதான் நிஜம் சார், இறங்குறது வில்லையோட சொந்தக் கதை. நாம இத்தனை வருஷமா அந்தச் சொந்தக் கதையைத்தான் அளந்துக்கிட்டு இருக்கோம்" அப்படிங்குது. நான் அதிகம் பேசலை. சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும்தான் பேசினேன்.

விடுதா? மறுபடி வருது. "சார், ஆயிரம் பிகோ செகண்ட் எரியணும்னா அவ்வளவு நேரம் அங்க உருண்டை இருக்கணுமே. அது அதுக்கு ரொம்ப முன்னாடியே சிதறிப் போயிருமே." நான் கேட்டேன், "உருண்டையே இல்லாம எரிஞ்சிருக்குன்னா அது எவ்வளவு பெரிய சாதனை, யோசிச்சியா?" நோட்டை மூடிருச்சு. ஒத்துக்கிட்டுப் போயிருச்சு.

மூணாவது தடவை ஆளுங்களைக் கூட்டி வச்சுக்கிட்டு ஒரு சோதனை காட்டுச்சு. உருண்டை கிடையாது, நியூட்ரான் கிடையாது. ஒரு பொடி லேசரை வில்லை மேல பட்டுனு அடிச்சுச்சு. அடிச்சது ஒரே ஒரு பிகோ செகண்ட். என் கருவி என்ன காட்டுச்சுங்கறீங்க? ஆயிரம். எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. எனக்குப் பெருமை தாங்கலை. "பாத்தீங்களாய்யா, எதைக் குடுத்தாலும் மாறாம ஆயிரம் காட்டுது, இதை விட நம்பகமான கருவி உலகத்துல உண்டா?"ன்னு கேட்டேன். எல்லாரும் குனிஞ்சு நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டாங்க. இப்ப இருக்கிற டைரக்டர் மட்டும் நெத்தியைத் தடவிக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டாரு. பாவம், அவருக்கு அடிக்கடி தலைவலி வரும். நான் பேச ஆரம்பிச்சா வந்துரும்.

அப்புறம் அது தானே உக்காந்து, வெளிச்சம் ஏறுற பக்கத்தை மட்டும் வச்சுக்கிட்டு, வில்லையோட தாமதத்தைக் கழிச்சு, வில்லையைத் திரும்பவும் உருண்டைகிட்ட கொண்டு போய் வச்சு, கணக்குப் போட்டு ஒரு நம்பரைச் சொல்லுச்சு. நூத்தம்பது. வயிறு பத்தி எரிஞ்சுது தம்பி. ஆயிரத்தை நூத்தம்பதாக்கிட்டா மீதி எங்க போச்சு? அந்த எண்ணூத்தம்பது யாரு? அது நான்தானே? என்னைத்தானே கழிக்கிறாங்க? எரிஞ்சு விழுந்துட்டேன், கையில இருந்த டம்ளரை வச்ச வேகத்துல காப்பி எல்லாம் சிந்திருச்சு. அது ஒரு துணி எடுத்து மேசையைத் துடைச்சுட்டு, "உங்க மேல தப்புன்னு சொல்லலை சார், வில்லை அப்படி"ன்னுச்சு. நல்ல பொண்ணுதான். அதான் இன்னும் கோவம் வருது.

அடுத்த மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட். பிரிவுபசார விழாவுல ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. பேசினேன். பாதியில கரண்ட் போயிருச்சு. நான் அசரலையே, இருட்டுலயே பேசி முடிச்சேன். பிறகு பாத்தா வெளியில வராந்தாவுல எல்லாம் லைட் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. அந்த ஹாலுக்கு மட்டும் போயிருக்கு. வயரிங் கோளாறு.

வீட்டுல இருக்கப் பிடிக்கலை தம்பி. பேச ஆளில்ல. என் சம்சாரம் மக பிரசவத்துக்குப் பெங்களூர் போச்சு. பேரன் இப்ப ஓடி விளையாடுறான், இன்னும் திரும்பலை. பிள்ளை வளர்க்கிறதுன்னா லேசா? ஃபோன் பண்ணினா, "அடுப்புல பால் வச்சிருக்கேன்"னு வச்சிருது. எப்பப் பண்ணினாலும் பால்தான். அதான் இங்க வந்து உக்காந்துக்கறது. மிக்கேல் இருப்பாரு, உங்களை மாதிரி ரெண்டு பேரு வருவாங்க. கேக்குறதுக்கு ஒரு காது இருந்தாப் போதும், மனசு ஆறிரும்.

என்னமோ சொல்ல வந்தீங்களே? இருங்க, மிக்கேல் வந்துட்டாரு.

என்ன மிக்கேல், வந்துருச்சா? இவருக்கா? நான்தானேய்யா முதல்ல வந்தவன். யாருக்கு, போர்டு மாட்ட வந்தவருக்கா? எனக்கு? எனக்குப் பாஸ் எழுதலையா? உள்ள வர வேண்டாம்னா? எனக்கு மீட்டிங் இருக்குய்யா. பூங்கோதை சொல்லலை? என்னது, மீட்டிங் நேத்தே முடிஞ்சிருச்சா? நேத்துன்னா எப்ப? காலையிலயா? என் முப்பது வருஷத்தைப் பேச எவ்வளவு நேரம் ஆச்சு? டீ கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சா? அப்ப ஆயிரம்? சரி, உமக்கு அது தெரியாது. விடும்.

அப்ப எனக்கு ஃபோன் வந்தது எல்லாம் முடிஞ்ச பிறகுதான்.

தம்பி, ஒரு நிமிஷம். அந்தப் பொட்டலத்துப் பேப்பரைக் கொஞ்சம் விலக்குங்க, பாப்போம். "எரிவு நேர அளவீட்டுப் பிரிவு. தலைவர்: டாக்டர் பூங்கோதை." எழுத்து நல்லா இருக்கு. உங்க கையெழுத்தா? நல்லா இருக்கு. எரிவு... வாயில வச்சா நிக்க மாட்டேங்குதே தம்பி. எரிச்சல்னு சொல்லிப் பாருங்க, எவ்வளவு நேரம் நிக்குது!

பழைய போர்டை என்ன பண்ணச் சொன்னாங்க? கேட்டுல ஒரு பெரியவர் இருப்பாரு, அவர்கிட்ட பத்திரமாக் குடுத்துரச் சொன்னாங்களா? யாரு சொன்னது, பூங்கோதையா? சரி. அது நான்தான் தம்பி. அந்தப் பெரியவர் நான்தான். உங்க பொருள் ஒண்ணு இருக்குன்னுச்சு. பொய் சொல்லலை அந்தப் பொண்ணு. என் பொருள்தான் அது.

இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே? சொல்ல வந்தீங்களா? எப்ப?

சரி, போங்க, அங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. நாலு மூலையிலயும் ஸ்க்ரூ இருக்கும். கீழ வலது பக்கம் உள்ளது சாமானியத்துல வராது, நான் முறுக்கினது. கொஞ்சம் எண்ணெய் விட்டு மெதுவாக் கழட்டுங்க, எழுத்துல கீறல் விழாம. நான் எங்கேயும் போகலை, இங்கதான் இருப்பேன். எவ்வளவு நேரம் ஆகும்?

அஞ்சு நிமிஷமா? உள்ள நிக்கிற உங்களுக்கு அஞ்சு நிமிஷம் தம்பி. நான் இங்க தள்ளி உக்காந்திருக்கேன்ல, எனக்கு நேரம் நீளத்தான் செய்யும்.